கண்ணடித்த காடிகள்

எதிரே வரும் கார், நம் ஊர்ப் பேச்சில் காடி, விளக்கை இரண்டு முறை சிமிட்டினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். அதற்கு வேறு எந்தப் பொருளும் இருக்க முடியாது என்று, தலை பாதி நரைத்த பிறகும் நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பியதில் என் தப்பு மட்டும் இல்லை. இந்த நாட்டில் சாப்பாட்டில் ஒத்துப்போக மாட்டோம், அரசியலில் ஒத்துப்போக மாட்டோம், எந்தக் கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, நன்றாக இருக்கும் என்பதில்கூட அடித்துக்கொள்வோம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவனைச் போலீஸ் அபராதச் சம்மனிலிருந்து காப்பாற்றுவது என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ரோட்பிளாக்கைத் தாண்டி வந்தவன், எதிரே போகிறவனுக்குக் கண்ணடித்துச் சொல்லிவிட்டுப் போவான். போகிறவன் கையைத் தூக்கி நன்றி காட்டுவான். நானும் கண்ணடித்திருக்கிறேன், கையும் தூக்கியிருக்கிறேன். நாட்டுக்கு நான் செய்த ஒரே பொதுத்தொண்டு அதுதான்.

எனக்கு வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில். ஊரார் விமானத்தில் பறக்க நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். நான் போவதும் வருவதும் ஒரு கப்சாயில். கிளட்ச் பிடிக்க வேண்டாத, கூடை மாட்டினால் சந்தைக்கும் கழற்றினால் அலுவலகத்துக்கும் ஆகிற சின்ன மோட்டார் சைக்கிள். என் மனைவி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில் வேலை செய்கிறாள். அவள் போவது காடியில். ஒரே வழிதானே, இரண்டு பேரும் ஒன்றாகப் போகலாமே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள்.

இதனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூட்டரசு நெடுஞ்சாலை தினமும் ஒரு முறை திறக்கும்.

"இன்னிக்கு ஒரு மோட்டர்காரன் என் சைடு கண்ணாடிய தட்டிட்டு திரும்பிக்கூட பாக்காம போறான். உங்க ஆளுங்கதான்."

"எங்க ஆளுங்கன்னா? நான் என்ன சங்கத் தலைவனா?"

"ரெண்டு காடிக்கு நடுவுல கொசு மாதிரி நுழையிறீங்க லா. நாங்க எங்கன்னு பாக்குறது?"

"சிக்னல் போடாம லேன் மாறுறவங்க கண்ணுக்கு யானை வந்தாலும் தெரியாது."

"யானை லைட்டு போட்டுட்டு வந்தா தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கி நான் பின்னால் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்தக் கதை.

ஒரு சனிக்கிழமை காலை. நல்ல வெயில். எங்கள் குடியிருப்பான தாமானை விட்டு வெளியே வந்து பெரிய சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன். இடப்பக்கச் சந்தில் ஒரு வெள்ளைக் காடி வந்து நின்றது. ஓட்டுகிறவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, நேராக என் குறுக்கே வந்துவிட்டார்.

நான் இரண்டு பிரேக்கையும் பிடித்து, அந்தோணியாரையும் பிடித்தேன். முன் சக்கரம் அவருடைய கதவுக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்றது. அதற்குப் பிறகு நான் செய்த வீரச் செயலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைக் கொல்ல வந்த மனிதரிடம், "சோரி, சோரி" என்று நானே மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "சோரி பாஸ். தாக் நம்பாக்."

தாக் நம்பாக். பார்க்கவில்லை. இந்த நாட்டின் சாலைச் சட்டம் முழுவதும் இந்த இரண்டு மலாய்ச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவன் காலை உடைக்கலாம், குடும்பத்தைத் தெருவில் நிறுத்தலாம், கண்ணாடியை இறக்கி "தாக் நம்பாக்" என்று சொல்லிவிட்டால் போதும். ஏதோ கண்ணைக் கடவுள் அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டது போலவும், பாவம், அவர் அதைப் பொறுத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது போலவும் நாம் இரக்கப்பட வேண்டும்.

பக்கத்தில் இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். தே தாரிக்கைப் பாதி சட்டைக்குக் கொடுத்தேன். மீதியைக் குடிப்பதற்குள் என் சவ அடக்கத்தை முழுவதுமாக நடத்தி முடித்துவிட்டேன். யார் அழுவார்கள், யார் அழுவது போல நடிப்பார்கள், பூசையில் ஃபாதர் என்னைப் பற்றி என்ன பொய் சொல்வார், பிறகு யார் இரண்டாவது தட்டு பிரியாணி கேட்பார்கள் என்பது வரை. உயிர் பிழைத்த துக்கத்தில் ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டேன்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க லைட்டு எரிஞ்சிச்சா?"

நம் ஊரில் மோட்டார் சைக்கிளின் முன் விளக்கு உச்சி வெயிலிலும் எரிய வேண்டும். இயந்திரம் ஓடினால் அதுவாகவே எரியும். அணைக்கச் சுவிட்சுகூட என் வண்டியில் கிடையாது.

"அது பாட்டுக்கு எரியும். அதுல என்ன சந்தேகம்?"

அவள் வெளியே போய் வண்டியைக் கிளப்பினாள். விளக்கு செத்துக் கிடந்தது.

"நேத்து வரைக்கும் எரிஞ்சிச்சு" என்றேன்.

"எந்த நேத்து?"

எனக்கும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் ஓட்டுகிறவனுக்குத் தன் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியாது. அது எதிரே இருப்பவனுக்குத்தான் தெரியும், அல்லது தெரியாது.

"இங்க பாருங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ இந்த மாதிரி கத எடுத்துட்டு வந்தீங்க, மோட்டர வித்துடுவேன். கோமுட்டர்ல போங்க. கறுப்பு சேல கட்டிட்டு சர்ச்சுக்கு போறதுக்கு எனக்கு இப்ப நேரமில்ல."

எனக்குக் கோமுட்டர் ரயில் மேல் எந்தப் பகையும் இல்லை. எங்கள் ஆலயத்தில் ஒரு காப்புறுதி முகவர் இருக்கிறார், அவர் தினமும் அதில்தான் போகிறார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை, கதவு சாத்திய பெட்டிக்குள், என் மரணத்தால் என் குடும்பத்துக்கு விளையக்கூடிய நன்மைகளை அவர் விளக்க, நான் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதைவிட அந்த வெள்ளைக் காடியே மேல். மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்கு நான் எல்லோர் கண்ணிலும் பட்டாக வேண்டும்.

இணையத்தில் தேடினேன். அங்கே ஒரு மேதை இருந்தார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, உலகத்தின் எல்லாத் துன்பங்களுக்கும் எல்இடி பல்பே தீர்வு என்று பிரசங்கம் செய்தார். சாதாரண பல்பு மெழுகுவத்தியாம், இது சூரியனாம். எனக்கு அறிவு வேலை செய்தது: கொஞ்சம் வெளிச்சம் கொஞ்சம் காப்பாற்றும் என்றால், நிறைய வெளிச்சம் நிறையக் காப்பாற்றும். சாம்பாருக்கு உப்புப் போடும்போது இந்தக் கணக்கை நான் போடுவதில்லை.

ஆர்டர் செய்த பல்பு வந்து சேர்ந்தது. மெக்கானிக்கிடம் போனால், "அங்கிள், இது போடக்கூடாது, போலீஸ் பிடிக்கும்" என்பான். எனக்கு அறிவுரை ஒத்துக்கொள்ளாது. மனைவி பாடகர் குழு ஒத்திகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே மாட்டினேன். நேராக உட்கார மறுத்தது. திருப்பினேன், அமுக்கினேன், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், உட்கார்ந்துவிட்டது. கிளப்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடி ஜன்னலின் திரைச்சீலையில் போட்டிருந்த பூ வேலைப்பாடு வரைக்கும் தெரிந்தது. சாலையில் விழ வேண்டிய வெளிச்சத்துக்கு மாடியில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சில நாட்கள் நான் ராஜா. காலையில் அவள் முன்னால் கிளம்பிவிடுவாள், மாலையில் இருட்டுவதற்குள் நான் முதலில் வந்துவிடுவேன். அதனால் விளக்கை அவள் பார்க்கவில்லை. சந்துகளில் காடிகள் எனக்காக நின்றன. லோரிகூட நின்றது. அலுவலகத்துக்குக் கீழே நான் வண்டியை நிறுத்துவதைப் பார்த்த கூட வேலை செய்கிறவர், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, இத போட்டுட்டு சுத்தாதீங்க லா. சுபாங்ல இறங்க வேண்டிய ப்ளேன் பிரிக்பீல்ட்ஸ்ல இறங்கிடப் போவுது. அப்புறம் டிக்கெட்டு நம்மதான் மாத்தணும்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த மாலை வந்தது. ஒரு வாடிக்கையாளர் தன் மாமியாரை எந்த வழியாகச் சென்னைக்கு அனுப்பினால் அதிக நேரம் ஆகும் என்று விசாரித்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. வெளிச்சம் மங்கும் வேளையில் கிளம்பினேன். நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் போகும்போதே மழை பிடித்தது. வழக்கம்போல எல்லோரும் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். மழைச்சட்டை மாட்டுகிறவர்கள், புகை பிடிக்கிறவர்கள், போனில் பொய் சொல்கிறவர்கள். நான் இயந்திரத்தை அணைக்காமல் நிறுத்தினேன். மேடையில் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டது போல ஆயிற்று.

"அண்ணே, எஞ்சின ஆஃப் பண்ணுங்க. கண்ணு போவுது" என்றார் ஒருவர்.

"நல்லா தெரியணும்ல தம்பி. நம்ம சேஃப்டி" என்றேன்.

"உங்களுக்கு சேஃப்டி. எங்களுக்கு?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினேன்.

கிள்ளானில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி எங்கள் தாமானுக்குப் போகிற சாலையில் நுழைந்தேன். அங்கே நடுவில் தடுப்புக் கிடையாது. போகிறவனும் வருகிறவனும் முகத்துக்கு முகம். தூறல், இருட்டு. எதிரே வந்த முதல் காடி கண்ணடித்தது.

சரி, முன்னால் போலீஸ்.

அடுத்ததும் கண்ணடித்தது. அதற்கடுத்தது கண்ணடித்து, ஹாரனும் அடித்தது. சட்டத்துக்கு ஆகாத பல்பு. பிடித்தால் சம்மன். சம்மன் வந்தால் அது முதலில் போய் நிற்பது என் மனைவியின் கைப்பேசியில். என் அடையாள அட்டை எண்ணைப் போட்டு, சம்மன் பார்க்கிற செயலியை அவள்தான் வைத்திருக்கிறாள். சம்மனைப் பார்ப்பாள், காரணத்தைப் பார்ப்பாள், மோட்டார் சைக்கிளை விற்பாள். காப்புறுதி முகவர் ரயில் பெட்டிக்குள் எனக்கு இடம் போட்டு வைத்துக்கொண்டு புன்னகைப்பது தெரிந்தது.

அப்படியே யூ-டர்ன் அடித்தேன். வந்த வழியே தப்பி ஓடினேன்.

இப்போது எதிரே வந்தவை, வேலை முடிந்து வீடு திரும்புகிற காடிகள். அவையும் கண்ணடித்தன! அப்படியென்றால் பின்னாலும் போலீஸ். என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒரு பல்புக்காக இவ்வளவு பெரிய படையா என்று ஒரு புத்திசாலி கேட்டிருப்பான். அந்தப் புத்திசாலி அன்று என்னோடு வரவில்லை. ஆனாலும் மரியாதை மறக்காமல், கண்ணடித்த ஒவ்வொரு காடிக்கும் கையைத் தூக்கி நன்றி காட்டினேன். ஒரு சின்னக் காடி விடாமல் நாலைந்து முறை சிமிட்டியது. எவ்வளவு நல்ல மனசு என்று அதற்கு மட்டும் கொஞ்சம் உயரமாகத் தூக்கிக் காட்டினேன்.

ரயில் பாதையை ஒட்டிய சாலைக்குள் திரும்பினேன். அங்கேயும் கண்ணடித்தார்கள். கடைசியில் பூட்டிக் கிடந்த ஒரு பட்டறைக்குப் பின்னால் போய் வண்டியை அணைத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். கூட வேலை செய்கிறவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். மூச்சு வாங்கியது: "கிள்ளான் பக்கம் வராதீங்க. எல்லா ரோட்லயும் போலீஸ். யாரையோ பெரிய ஆள தேடுறாங்க போல."

மழை நின்றது. துணிச்சல் வரவில்லை. இயந்திரத்தைக் கிளப்பினால் சத்தம் கேட்கும் என்று, வந்த சாலையைத் தவிர்த்து வேறு வழியாக வீடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். வழியில் எத்தனையோ காடிகள் எதிரே வந்தன. ஒன்றுகூடக் கண்ணடிக்கவில்லை. "போலீஸ் போய்விட்டது" என்று முடிவு செய்தேன். இயந்திரம் ஓடவில்லை, அதனால் விளக்கு எரியவில்லை என்கிற விஷயம் என் பக்கத்திலேயே தள்ளப்பட்டு வந்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவி இல்லை. நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டும்போதுதான் அவள் காடி வந்தது. ஒரு முன் சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மெலிந்து, வேறு ஜாதியாக இருந்தது. ஸ்பேர் டயர். அவள் முழுவதும் நனைந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

"என்ன ஆச்சு?"

"உங்க ஆளு ஒருத்தன்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எதிர்ல வரான். லைட்டா அது? வெல்டிங் பண்ற மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியல. ரோடு தெரியல, ஓரம் தெரியல. நான் ஃப்ளாஷ் அடிக்கிறேன், அடிக்கிறேன், எறக்கவே மாட்டேங்கிறான். அப்படியே கல்லுல ஏறி டயரு வெடிச்சிடுச்சு. கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா கால்வாய்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரியவே கூடாது என்று கர்த்தரை வேண்டிக்கொண்டேன்.

"நம்பர பாத்தியா?"

"எங்க பாக்குறது? வெளிச்சந்தான் தெரிஞ்சிச்சு. அந்தப் பைத்தியக்காரன் கைய வேற தூக்கி டாட்டா காட்டிட்டு போறான்!"

ஒரு நிமிடம் எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. அவள் பார்க்கவில்லை. தாக் நம்பாக். அந்த வெள்ளைக் காடிக்காரர் மேல் எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பாசம் வந்தது.

"யாரு டயர் மாத்துனா?" என்றேன், பேச்சை மாற்ற.

"சாப்பாடு கொண்டு போற பையனுங்க ரெண்டு பேரு. மோட்டர நிறுத்தி, மழையில நனைஞ்சு மாத்தி குடுத்தானுங்க. ஒண்ணும் வாங்கிக்கல." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க? எனக்கு முன்னாடியே வந்திருக்கணுமே?"

பொய்யே சொல்லியிருக்கலாம். பதற்றத்தில், அதுவரை உண்மை என்று நான் நம்பியிருந்ததையே சொல்லித் தொலைத்தேன். எல்லாச் சாலையிலும் ரோட்பிளாக், எல்லோரும் ஃப்ளாஷ் அடித்தார்கள், தள்ளிக்கொண்டே வந்தேன்.

"நான் அதே ரோட்லதானே வந்தேன். ஒரு போலீசும் இல்லையே."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. எழுந்து வெளியே போனாள். தன் காடியைத் தெருவுக்கு எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

"போடுங்க."

கிளப்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் வெள்ளையாகிப் பிறகு காணாமல் போனது. இரண்டு கைகள் மட்டும் மேலே எழுந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன.

அணைத்தேன். பல்பைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். அதன் ஓரத்தில் ஒரு சீன எழுத்து இருந்தது. மாட்டும்போதும் பார்த்தேன், பிராண்டு என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து சீனர்களுக்கு நடுவில் வாழ்ந்தும், சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர வேறெதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. அவள் கைப்பேசியை அதன் மேல் காட்டி மொழிபெயர்த்து, திரையை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மேலே" என்று இருந்தது. நான் அதைக் கீழே வைத்து மாட்டியிருந்தேன்.

அவள் கத்தவில்லை. சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நாள் கோமுட்டரில் போனேன். காப்புறுதி முகவரிடம் ஒரு பாலிசியும் எடுத்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அவளே மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சாதாரண பல்பு போடச் சொன்னாள். இருட்டியதும் மறுபடியும் காடியைத் திருப்பி நிறுத்தி உள்ளே உட்கார்ந்தாள். நான் தெருக்கோடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

"ம். தெரியிறீங்க" என்றாள். "ரோடும் தெரியுது." சாவியை நானே வைத்துக்கொள்ள விட்டாள்.

இதற்கிடையே என் குரல் செய்தி கூட வேலை செய்கிறவரிடமிருந்து புறப்பட்டு, நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி, எங்கள் ஆலயக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. வரும் வழியில் ஒரு ஹெலிகாப்டரும் மோப்ப நாய்களும் சேர்ந்திருந்தன. கிள்ளானில் அன்று யாரைப் பிடித்தார்கள் என்று இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். யாரையும் பிடிக்கவில்லை. அந்தச் சாலையில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. நான் ஒரு பல்பைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு போனேன், என் மனைவிக்குக் கண் தெரியாமல் போய் காடி கல்லில் ஏறியது, நான் நிற்காமல் போய்விட்டேன்.